ஏழாவது பாட்டில்

வெளிநாடு போகும்போது திருமூர்த்தியின் பெட்டியில் நாலு வேட்டி கூடுதலாக இருக்கும். கட்டிக்கொள்ள அல்ல, திரும்பி வரும்போது பாட்டிலைச் சுற்றி வைக்க.

பீளமேட்டில் நூற்பாலைகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் அவர் ஏற்றுமதி மேனேஜர். வருஷத்துக்கு மூன்று தடவையாவது விமானம் ஏறுவார். போகிற ஊரிலெல்லாம் அந்த ஊர் பீரில் ஒரு பாட்டில் வாங்கிவிடுவார். ஆனால் தனியாகத் திறக்கமாட்டார். ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சேர்த்ததையெல்லாம் காரில் வைத்துக்கொண்டு மேட்டுப்பாளையம் கிளம்புவார். அங்கே பாலுசாமி இருக்கிறார்.

பாலுசாமிக்கு உருளைக்கிழங்கு மண்டி. கிழங்கைக் கீறி நாக்கில் வைத்தால் மலையில் எந்தச் சரிவில் விளைந்தது என்று சொல்லிவிடுவார். காலேஜில் ஒரே ரூம். அன்றிலிருந்து ஒருவர் மச்சான், ஒருவர் மாப்பிள்ளை. பாலுசாமியின் மனைவி ராசாத்தாள் திருமூர்த்தியை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். மகள் பிரவீனாவுக்கு அவர் மாமா.

உள்ளதைச் சொன்னால், திருமூர்த்தியின் நாக்குக்கு எல்லா பீரும் ஒரே கசப்பு. பாலுசாமி ஒரு வாய் குடித்துவிட்டுப் பேச ஆரம்பித்த பிறகுதான் அதில் வாசமும் ருசியும் முளைக்கும். கோயமுத்தூர் திரும்பி, கிளப்பில் பத்துப் பேர் நடுவே பாலுசாமி சொன்னதையெல்லாம் தன் சொந்தச் சரக்குபோல எடுத்து விடுவார். கேட்டவர்கள் வாய் பிளப்பார்கள்.

தொண்ணூற்றாறாம் வருஷம் பங்குனியில் பாலுசாமிக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவிநாசி ரோட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். இனிமேல் ஒரு சொட்டுக்கூடக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, கட்டில் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர்களில் திருமூர்த்தியும் ஒருவர்.

ஐப்பசி வந்தது. பெட்டியில் ஏழு நாட்டு பாட்டில் சேர்ந்திருந்தது.

"காட்டிப்போட்டுப் போலாம்னு கொண்டாந்தேன் மாப்ள. உனக்கு வேண்டாம்" என்றார் திருமூர்த்தி.

"காட்டறதுக்கு இதென்ன பொண்ணு போட்டோவா? தொறப்பா. டாக்டரு குடிக்காதேன்னுதான் சொன்னாரு. ருசி பாக்காதேன்னா சொன்னாரு?"

"ஒரு வாய்தான்."

"ஒரு வாய்தான். மிச்சம் உன்ற பாடு."

மத்தியான வெயில் பாக்குத் தோப்பைத் தாண்டி மாடி வராந்தாவில் எட்டிப் பார்த்தது. முதலில் செக் நாட்டு பீர். பாலுசாமி கண்ணை மூடினார். "ஒழுக்கமான கசப்பு மச்சான். நெல்லிக்கா தின்னுபோட்டுத் தண்ணி குடிச்ச மாதிரி, பின்னால இனிக்குது பாரு."

அடுத்தது ஜெர்மனி. கலங்கலாக இருந்தது. "அடடா, நம்ம தார் மண்டியேதான்! பழுத்த வாழைத்தாருகிட்ட ஒருத்தன் வாயில கிராம்பப் போட்டுட்டு நிக்கறான்."

ஜப்பான் பீரை வடிகஞ்சியைக் குளிர வைத்தது என்றார். மெக்ஸிகோவை, "இது ருசிக்கில்ல, தாகத்துக்கு. காட்டுல வேலை செஞ்சவன் குடிக்கறது" என்று ஒதுக்கினார். திருமூர்த்தி சிரித்துச் சிரித்துக் கேட்டார். ஒரு வாய் அரை டம்ளர் ஆனது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஊற்றியது அவர் கைதானே.

ராசாத்தாள் கோழி வறுவலோடு மாடி ஏறி வந்தாள். டம்ளரைப் பார்த்தாள். "போதுமுங்கண்ணா" என்றாள்.

"இருக்கட்டும் அம்மணி. ருசி பாக்கறதுதானே" என்றார் திருமூர்த்தி.

கொங்கு நாட்டுப் பந்தியில் 'போதுங்க' என்பது மரியாதை. அதைக் கேட்டதும் இன்னொரு கரண்டி போடுவது அதைவிடப் பெரிய மரியாதை. முதல் 'போதும்'லேயே கையை எடுத்துக்கொள்கிறவனைக் கஞ்சன் என்பார்கள். பிறந்ததிலிருந்து அதிலேயே வளர்ந்த திருமூர்த்தியின் காதில் ராசாத்தாளின் வார்த்தை அப்படித்தான் விழுந்தது. அல்லது, அப்படி விழட்டும் என்று விட்டுவிட்டார்.

பெல்ஜியம் பீர் சிவப்பாக இருந்தது. "புளிச்ச மோருல நாவப்பழத்தப் பெசஞ்சிருக்கான். தைரியசாலிப்பா!" என்றார் பாலுசாமி. துருக்கி வந்தபோது வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்தார். நெற்றியில் வேர்த்திருந்தது.

"தெரியல மச்சான். நாக்குக் களைச்சுப்போச்சு. போதும்ப்பா."

மாடிப்படியில் ராசாத்தாள் மறுபடி நின்றாள். "போதுமுங்கண்ணா. எந்திரிச்சு சாப்பிட வாங்க."

ஒரு பாட்டில்தான் பாக்கி. அயர்லாந்து. கன்னங்கரேல் என்று இருக்கும் பீர். அதற்காக டப்ளினில் மழையில் ரெண்டு தெரு நடந்திருந்தார் திருமூர்த்தி. பாலுசாமி வாய் திறந்து சொல்லாவிட்டால் அது வெறும் கறுப்புத் தண்ணீர். கிளப்பில் என்ன சொல்வது?

"இது ஒண்ணு மாப்ள. உனக்குன்னே சுமந்துட்டு வந்தது" என்று சொல்லி ஊற்றினார்.

சுமந்து வந்தவன் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்ல பாலுசாமிக்குத் தெரியாது. முழு டம்ளரையும் குடித்துத் தீர்த்தார்.

புதன்கிழமை வயிறு வீங்கியது. மூன்றாவது வாரம், அதே ஆஸ்பத்திரியில், பாலுசாமி இறந்துபோனார்.

"ஈரல் முன்னமே கெட்டிருந்தது. அன்னைக்குக் குடிக்காம இருந்திருந்தா இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கலாம். ஓடாமலும் போயிருக்கலாம்" என்றார் டாக்டர். திருமூர்த்தி ராத்திரி பகலாக அந்தக் கடைசி வாக்கியத்தையே பிடித்துத் தொங்கினார். அது தாங்கவில்லை.

கார்த்திகை கடைசியில் ராசாத்தாள் போன் செய்தாள். ஒரு எட்டு வந்துவிட்டுப் போகச் சொன்னாள். அந்தக் காரை எடுக்க மனம் வராமல் பஸ்ஸில் போனார்.

ராசாத்தாள் காபி கொடுத்துவிட்டுத் தூண் ஓரமாக நின்றாள். குரல் உயரவில்லை.

"பிரவீனா என்கிட்ட மூஞ்சி குடுத்துப் பேசறதில்லீங்கண்ணா. ஏன் தடுக்கலைன்னு கேக்கறா. தடுத்தேன் கண்ணுன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீ சொல்லியிருந்தா மாமா கேட்டிருப்பாருங்கறா. உங்க மேல அத்தன மரியாதைங்க அவளுக்கு."

திருமூர்த்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் அன்னைக்குப் போதும்னு சொன்னது ஒப்புக்கில்லீங்கண்ணா. நீங்கதான் அவகிட்டச் சொல்லோணும்."

பிரவீனா மாடி வராந்தாவில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் எழுந்து, "வாங்க மாமா" என்றாள். இருபது வயசு. அப்பனுக்கு இருந்த அதே அகலமான நெற்றி.

"டாக்டரு என்ன சொன்னாருன்னா கண்ணு..." என்று ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தினார். அந்த வாக்கியம் இங்கே செல்லாது.

"உங்கம்மா சொன்னாங்க. ரெண்டு தடவ சொன்னாங்க. நான்தான் ஊத்துனேன்."

அவள் உடனே நம்பவில்லை. அவருக்கு ஒரு வழி விட்டாள். "காதுல விழுந்திருக்காதுங்க மாமா."

அந்த வழியில் புகுந்து வெளியேறிவிடலாம். எவ்வளவு சுலபம்! "விழுந்துச்சு கண்ணு. அவனும் போதும்னான். அதும் விழுந்துச்சு."

"அப்புறம் ஏனுங்க?"

"அந்தக் கறுப்பு பீரு எப்படி இருக்குதுன்னு உங்கப்பன் வாயால கேக்கோணும்னு இருந்துச்சு."

பிரவீனா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். எங்கோ மலைப்பாதை பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

"என்ன சொன்னாரு?"

இத்தனை நாளாகத் திருமூர்த்தி யாரிடமும் சொல்லாதது அது. கிளப்பில் கேட்டவர்களிடம்கூட வறுத்த காபிக்கொட்டை வாசம் என்று எதையோ இட்டுக்கட்டியிருந்தார்.

"நல்லாருக்கு மச்சான்னான்."

"அவ்வளவுதானுங்களா?"

"அவ்வளவுதான்."

நாக்கில் வைத்த எதையும் பாலுசாமி அப்படி வெறும் 'நல்லாருக்கு' என்று சொன்னதில்லை. அது மகளுக்கும் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு அவரைத் தாண்டிப் படியில் இறங்கினாள். கீழே சமையல்கட்டில் பாத்திரம் ஒன்று உருண்டது. "அம்மா" என்ற குரல் கேட்டது. அதற்கப்புறம் ரெண்டு பேருடைய அழுகையையும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

திருமூர்த்தி கீழே வந்து வாசலில் செருப்பை மாட்டினார். கொஞ்சம் மெதுவாகவே மாட்டினார். இருபத்தைந்து வருஷத்தில் அந்த வீட்டை விட்டு, 'இருந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போலாமுங்க' என்று யாராவது ஒருவர் தடுக்காமல் அவர் படி இறங்கியதே கிடையாது.

யாரும் தடுக்கவில்லை. கேட்டைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்.