கிரோட்டன்பாஹ் எல்லைப் பலகை

எங்கள் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்துக்கொண்டால் பெயரைக் கேட்பதற்கு முன்பே "ஊரில எவடம்?" என்று கேட்டுவிடுவார்கள். என் மனுசன் கிறிஸ்துநாயகம் யாழ்ப்பாணத்துப் பாசையூர். ஆனால் இப்போது கனடாவில் யாராவது கேட்டால் "கிரோட்டன்பாஹ்" என்கிறார். அது ஜெர்மனியில் ஒரு பட்டிக்காடு. தேரை ஓடை என்று அர்த்தமாம். இளம் வயதில் அகதியாகப் போய் நாலு வருடம் இருந்த இடம். மறதி நோய் வந்து பாசையூர்க் கடலையே துடைத்துக்கொண்டு போய்விட்டது, இந்தத் தேரை ஓடையை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. அதுவும் என்ன நீதியோ.

பார்க்க வருகிறவர்கள் பாவம். தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் இவர் தொடங்கிவிடுவார்.

"ஒரே ஒரு தெரு. தெருவோட ஓடை போகுது. மேல் நுனியில கோயில், கீழ் நுனியில மூடிப்போன மா ஆலை. வடக்கால காடு. தெற்கால சீனி எடுக்கிற பீற்றூட் தோட்டம். அந்தக் காலத்துச் சண்டையில ஊர் முழுக்க எரிஞ்சு கோயில் கோபுரம் மட்டும்தான் மிஞ்சினது. பிறகு உருளைக்கிழங்கு அழுகிப் பஞ்சம் வந்து, பாதிச் சனம் அமெரிக்காவுக்குக் கப்பலேறிட்டுது."

வந்தவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் பிஸ்கற் தட்டைப் பார்ப்பேன்.

இந்தக் கதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுத்தவள் ஃப்ராவ் லொட்ஸ், அதாவது திருமதி லொட்ஸ், என்ற ஜெர்மன் மனுசி. ஊரில் இருந்த பழைய சத்திரத்தின் மேல்மாடியில்தான் அகதிகளை வைத்திருந்தார்கள், அதற்கு அவள் பொறுப்பு. அவளும் சின்ன வயதில், பெரிய யுத்தம் முடிந்த கையோடு, கிழக்கிலிருந்து அகதியாக வந்து அதே மேல்மாடியில் படுத்தவள்தானாம். அதற்காக இளகின மனம் என்று நினைத்துவிடக் கூடாது. வெளியே போவதென்றால் அவளிடம் கேட்க வேண்டும், இருட்டுவதற்குள் திரும்பி வர வேண்டும். இவர்கள் எல்லோருக்கும் அவள் என்றால் நடுக்கம்.

இந்த வீட்டில் இப்போது நான்தான் ஃப்ராவ் லொட்ஸ். குளிப்பாட்டி, சோறு ஊட்டி, கால் நகம் வெட்டி விடுகிற என்னைப் பார்த்து "ஃப்ராவ் லொட்ஸ், ரொய்லற்றுக்குப் போகலாமோ?" என்று கேட்கிறார். கதவைப் பூட்டினால் தலையைக் குனிந்துகொள்கிறார். இத்தனை வருடம் சமைத்துப் போட்டதற்கு எனக்குக் கிடைத்த பட்டம் இது.

அவர் அங்கே இருந்த காலத்தில் நானும் ஜெர்மனியில்தான் இருந்தேன், ஆனால் பக்கத்து மாவட்டத்தில். இரண்டு வீட்டாரும் கடிதத்திலேயே எங்கள் கலியாணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். மாப்பிள்ளையும் பொம்பிளையும் சந்திப்பதுதான் பெரும்பாடு. அகதி தன் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். கிரோட்டன்பாஹுக்குக் கீழே ஒரு பாலம், அதற்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் பலகை. அதுதான் எல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என் பக்கத்திலிருந்து நடந்து வருவேன். அவர் பலகைக்கு அந்தப் பக்கம் நிற்பார். தூரத்தில் என்னைக் கண்டதும் கையைத் தலைக்கு மேலே தூக்குவார். வீட்டிலிருந்து பார்சலில் வரும் கருவாட்டைச் சம்பலாக்கி, ஜாம் போத்தலில் அடைத்துக் கொண்டுபோய் எல்லைக்கு மேலால் நீட்டுவேன். ஒரு தடவை ஆசையில் என் பக்கம் கால் வைத்தார். பொலிஸ் பிடித்து ஒரு இரவு உள்ளே வைத்தது. அதன் பிறகு அவர் அந்தப் பலகையைத் தாண்டியதே இல்லை.

போன வெள்ளிக்கிழமை என் மகள் நிரோஷினி போன் எடுத்தாள்.

"அம்மா, அந்த முதியோர் ஹோமில அப்பாவுக்கு பெட் கிடைச்சிருக்கு. மண்டே காலமை ஆன்சர் பண்ணவேணும். இந்த முறையும் நோ எண்டால் எப்ப கிடைக்குமெண்டு தெரியாது."

"கட்டின மனுசனைக் கொண்டே ஆரும் ஒப்படைப்பினமோ? கோயிலில என்ர முகத்தில முழிப்பினமோ?"

"கோயில் ஆக்களோ வந்து அப்பாவைக் குளிப்பாட்டுறவை? நீங்கள் விழுந்தால் ரெண்டு பேரையும் ஆர் பாக்கிறது? பிளீஸ், அம்மா."

நான் போனை வைத்துவிட்டேன். அவள் சொன்னது சரி என்று தெரியும், அதனால்தான் அவ்வளவு கோபம். நத்தார்ப் பண்டிகையிலிருந்து ஒரு இரவாவது நான் ஒழுங்காக நித்திரை கொண்டதில்லை. முழங்கால் இரண்டும் படியைக் கண்டாலே அழுகின்றன. ஆனாலும் மாட்டேன் என்றுதான் இருந்தேன். என்னோடு, என் வீட்டில் இருக்கட்டும். அதுதானே கலியாணம்.

ஞாயிறு காலை தொலைக்காட்சியில் தமிழ்ப் பூசை போய்க்கொண்டிருந்தது. பிரசங்கத்தில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது முன்கதவு திறந்து கிடந்தது. அவருடைய நல்ல கோட்டைக் காணவில்லை. கண்ணாடிக்குக் கீழே சீப்பும் பவுடர் டப்பாவும் கிடந்தன.

சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. நாங்கள் இருக்கிற மில்லிக்கனில் எங்கள் தெருவால் இறங்கினால் கடைத்தொகுதி, அதைத் தாண்டினால் ஸ்டீல்ஸ் வீதி. ரொறன்ரோ அதோடு முடிகிறது, அந்தப் பக்கம் மார்க்கம் நகரம். சிக்னல் கம்பத்தடியில் அவர் நின்றார். தலை சீவி, முகமெல்லாம் பவுடர். எதிர்ப்பக்கம் மார்க்கம் என்று எழுதிய பலகை நின்றது. வாகனங்கள் பறந்துகொண்டிருந்தன. அவர் ஓரக்கல்லில் இருந்து ஒரு அடிகூட இறங்கவில்லை.

"வாங்கோ, வீட்டை போவம்."

பயந்துபோய்த் திரும்பினார். "ஃப்ராவ் லொட்ஸ், நான் எல்லையைத் தாண்டேல்லை. சத்தியமாய்த் தாண்டேல்லை."

"சரி, தாண்டேல்லை. குளிருது, வாங்கோ."

"இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவ வருவா. நான் நிக்கவேணும்."

கெஞ்சினேன். கையைப் பிடித்து இழுத்தேன். கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். போனையும் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தேன். எதிர்ப்பக்கம் பஸ் தரிப்பிடத்தில் குந்தியிருந்து இளைப்பாற ஒரு வாங்கு இருந்தது. இவர் எப்படியும் தாண்டப் போவதில்லை, அங்கே இருந்தே பார்த்துக்கொள்ளலாம் என்று பச்சை விழுந்ததும் கடந்துபோய் அதில் இருந்தேன். அழவில்லை. அழுவதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

கொஞ்சம் மூச்சு வந்ததும் எழுந்து, அடுத்த பச்சைக்குத் திரும்பி நடந்தேன். பாதி வீதியில் நிமிர்ந்து பார்த்தேன். அவருடைய கை தலைக்கு மேலே உயர்ந்திருந்தது.

"அன்ரனெற்!"

என் பெயரை அவர் வாயால் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நடுவீதியில் நின்றுவிட்டேன். ஒருவன் ஹோர்ன் அடித்தான்.

"ஏன் இவ்வளவு பிந்தினீர்?" என்றார் கிட்டப் போனதும்.

"பாதையெல்லாம் பனி."

"போத்தில் கொண்டரேல்லையோ?"

"அடுத்த கிழமை கொண்டு வாறன்."

"அதுசரி, நீர் இஞ்சால வரலாமோ? பொலிஸ் கண்டால்?"

"எனக்கு எல்லை தாண்டப் பேப்பர் தந்திட்டாங்கள்."

அப்படி ஒரு சிரிப்புச் சிரித்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு தன் ஊரைக் காட்டினார். நகைக்கடையைக் காட்டி மா ஆலை என்றார், வங்கியைக் காட்டிக் கோயில் என்றார். கார் நிறுத்துமிடத்தைக் காட்டி, இந்தத் தோட்டத்தில் கிழங்கு கிண்டும்போது பழைய எலும்பெல்லாம் வருமாம் என்றார். எல்லாவற்றுக்கும் "ஓமோ?" என்றேன். இருபத்தைந்து வயசுக்காரனோடு நடந்து வந்தேன். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

வீட்டு வாசலில் திறப்பை எடுத்துப் பூட்டில் போட்டேன். அந்தச் சத்தத்தில் அவர் என் கையை விட்டார். தலை குனிந்துகொண்டது.

"டாங்க, ஃப்ராவ் லொட்ஸ்," என்று ஜெர்மனில் நன்றி சொன்னார். "இருட்ட முந்தி வந்திட்டன்."

"ஓம். போய் இருங்கோ," என்றேன்.

கோட்டைக் கழற்றி, கதிரையில் இருத்தி, போர்வையைப் போர்த்துவிட்டு, குசினிக்குள் வந்து நிரோஷினிக்கு போன் எடுத்தேன்.

"ஓம் எண்டு சொல்லு, பிள்ளை."

"அம்மா? ஷுவரா? ஏதும் நடந்ததோ?"

"ஒண்டும் நடக்கேல்லை. இந்த வீட்டுக்குள்ள நான் அவருக்குக் காவல்காரி. வெளியில இருந்து வந்தால்தான் அன்ரனெற்."

அவள் அழுவது கேட்டது. நான் பீங்கான் கழுவுகிற தொட்டியில் கிடந்த ஜாம் போத்தலை எடுத்துச் சுடுதண்ணீரில் அலசினேன்.

"ஞாயிற்றுக்கிழமையில எத்தினை மணிக்கு ஆக்களை உள்ளுக்கு விடுவினம் எண்டும் கேள்," என்றேன். "கண்ணாடிப் போத்தில் கொண்டு போகலாமோ எண்டும் கேள்."