முந்நூற்று எழுபத்து மூன்றாம் நோயாளி

வாருங்கள், மருத்துவமனையின் பட்டியல் அறைக்குள் வந்து நில்லுங்கள். இங்கே நடந்த அநியாயத்துக்கு நீங்களே சாட்சி.

அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்போரின் விவரம் இங்கே வரும். ஆளுக்கு மூன்று வரி: பெயர், தேதி, தொலைபேசி எண். மூன்றையும் ஒரே வரியாக்கிக் கொடுத்தால், அழைப்புச் செய்தியைக் கணினியே அனுப்பிவிடும். தட்டச்சுக்காரி வரிகளைச் சேர்ப்பாள். அவள் அக்கா என்றழைக்கும் மூத்த ஊழியை மூலத்தாளை உரக்கப் படித்துச் சரிபார்ப்பாள். நானூறு பேருக்கு இரண்டு நாளாகும். அக்காவின் கணவர், இதய வால்வு பழுதான தையல்காரர், அந்தப் பட்டியலுக்குள்ளேயே காத்திருந்தார்.

மணிக்கட்டு வீங்கிப்போன தட்டச்சுக்காரி ஒருநாள் கணினியில் மேக்ரோ என்னும் தொடர்கட்டளை ஒன்றைப் பதிவு செய்தாள். வரிக் கடைசிக்குப் போ, அடுத்த வரியைச் சேர், இன்னொன்றையும் சேர், கீழே இறங்கு. ஒருமுறை விரலால் செய்துகாட்டியதை எடிட்டர் மென்பொருள் நானூறு முறை தானே செய்தது.

"ஏண்டி, பேய் புகுந்த மாதிரி ஓடுது! உன் புருஷனுக்கும் இப்படி ஒண்ணு பதிவு பண்ணி வை, பாத்திரமாவது கழுவட்டும்."

"அவரை முதல் தடவை செய்ய வைக்கணுமே அக்கா, அதுக்கே என் ஆயுசு போயிடும்!"

மேலாளரின் பார்வை கடிகாரத்தின் மேல் இருந்தது. "அஞ்சு நிமிஷ வேலைக்கு ரெண்டு பேரா?"

மறுவாரமே அக்காவை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

"படிச்சுப் பாக்க ஒரு ஆள் வேணும் சார்" என்று கெஞ்சினாள் தட்டச்சுக்காரி.

"மேல பத்து வரி பாரு, போதும்மா. மெஷின் தப்பு பண்ணாது."

அடுத்த பட்டியலில் முந்நூற்று எழுபத்து மூன்றாம் நோயாளியிடம் தொலைபேசி இல்லை; அவருக்கு இரண்டே வரி. மூன்றை மட்டுமே அறிந்த மேக்ரோ, அடுத்தவர் பெயரை இழுத்து எண்ணின் இடத்தில் ஒட்டியது. அங்கிருந்து கடைசிவரை எல்லாம் இடம் மாறின. எண்ணிருக்க வேண்டிய இடங்களில் பெயர்கள் நின்றன. அவர்கள் ஒருவருக்கும் செய்தி போகவில்லை. தையல்காரர் முந்நூற்றுத் தொண்ணூறாவது ஆள். தட்டச்சுக்காரி பார்த்த பத்து வரிகளிலோ ஒரு பிசகும் இல்லை.

அக்கா வாசலில் வந்து விசாரித்தாள். "தேதி குறிச்சா போன்ல வரும், போம்மா" என்றார் மேலாளர். தான் பல வருடம் படித்த பட்டியலாயிற்றே! நம்பிப் போனாள், போனைக் கையைவிட்டு இறக்காமல் காத்திருந்தாள். குறித்த தேதி கடந்தது. பதிவேட்டில் 'நோயாளி வரவில்லை' என்றெழுதி, தையல்காரரை வரிசையின் கடைசிக்குத் தள்ளினார்கள். ஒன்பதாம் நாள், பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார்.

சாவுச்செய்தி கேட்டுத்தான் தட்டச்சுக்காரி கோப்பைக் கடைசிவரை இறக்கிப் பார்த்தாள். பார்த்ததும் ஓடினாள்.

"பத்து வரிதான் பாத்தேன் அக்கா... என்னை நாலு அறை அறைஞ்சிடு."

அக்கா அவள் வீங்கிய கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் அங்க இருந்திருந்தா படிச்சிருப்பேன்டி. அவர் பேரை என் வாயாலயே படிச்சிருப்பேன்."

பழி தட்டச்சுக்காரியின் தலையில் விடிந்தது, வேலை போயிற்று. மேலாளர் இன்றும் அதே நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்.

மேக்ரோ ஓடட்டும், நோகும் கைகளுக்கு அது வேண்டும். அது முடித்த பட்டியலைக் கடைசி வரிவரை படிக்கச் சம்பளத்தோடு ஒரு மனிதரை அமர்த்தச் சொல்லுங்கள். நாளைக் காலையே உங்கள் மருத்துவமனைக்குப் போங்கள். "எங்கள் பெயரைப் படித்துப் பார்த்தவர் யார்?" என்று கேளுங்கள். அந்த ஆளைக் கண்ணில் காட்டும்வரை வாசலைவிட்டு நகராதீர்கள்!