மாப்பிள்ளை மாட்டிய கார்டு

லிஃப்ட் இன்ஸ்பெக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவரை எல்லோரும் இன்ஸ்பெக்டர் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாகக் குடிவந்தவர்கள் போலீஸ்காரர் என்று நினைத்துக் கொஞ்ச நாள் பயந்துகொண்டே வணக்கம் வைப்பார்கள். உண்மை தெரிந்த பிறகும் பயம் குறையாது. ஆள் அப்படி. சட்டைக் காலரும் மடங்காது, பேச்சும் மடங்காது. பணியில் இருந்த காலத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தால் போதும், எத்தனை பெரிய மனிதர் காத்து நின்றாலும் லிஃப்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்வார். ‘யார் மாட்டினது?’ என்று அவர் குரல் கொடுத்தால், மாட்டியவன் மாடிப்படி வழியாக இறங்கி ஓடுவான்.

அந்தக் குரலை ஒருமுறை அவர் எழுப்பக்கூடாத இடத்தில் எழுப்பிவிட்டார். மூத்த மகள் புது வீட்டுக்குக் குடிபோன நாளில், விருந்தினர்கள் கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, இவர் சுவிட்ச் பலகையைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தார். “எந்த மடையன் பார்த்த வேலை இது?” என்றார், கடைசிப் பந்திவரை கேட்கும்படி. அந்த வேலையைப் பார்த்தவர் மாப்பிள்ளை. சொந்தக் கையால், ஆசை ஆசையாகப் பார்த்திருந்தார்.

அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் மாப்பிள்ளை மாமனார் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. மகள் மட்டும் வந்துபோனாள். “அவருக்கு வேலை அதிகம்ப்பா” என்று ஒவ்வொரு முறையும் சுவரைப் பார்த்துச் சொன்னாள். மாப்பிள்ளை வராத வீடு என்றால் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். கௌரவமாக வாழ்ந்த குடும்பத்துக்கு அது நெஞ்சில் தைத்த முள். இன்ஸ்பெக்டர் வெளியே காட்டிக்கொள்ளாமல் உள்ளுக்குள் புழுங்கினார்.

அப்படி முறுக்கிக்கொண்டு போனவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை தானாகவே வந்து நின்றார், கையில் ஒரு பெட்டியோடு. சின்ன மகளின் கம்ப்யூட்டரில் படங்களைத் திணறாமல் ஓட்டப் புது கிராபிக்ஸ் கார்டு.

சின்னவள் கம்ப்யூட்டரில் கட்டடங்களை உருவாக்கி, இன்னும் கட்டாத வீட்டுக்குள் நாம் நடந்து போவது போலப் படமாக்கித் தருகிறவள். அங்கொன்றும் இங்கொன்றுமாக வேலை செய்துகொண்டிருந்தவளை ஒரு பெரிய நிறுவனம் கூப்பிட்டிருந்தது. ஒரு மருத்துவமனையின் வரைபடத்தைக் கொடுத்து, இதற்குள் நடப்பது போல ஒரு படம் செய்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்புங்கள், பிடித்திருந்தால் வேலை உங்களுக்குத்தான் என்றார்கள். பழைய கார்டு இதற்குத் திணறும் என்று அக்காவிடம் அவள் புலம்பியது அத்தான் காதில் விழுந்திருக்கிறது. வாங்கியே வந்துவிட்டார். தானே தரையில் உட்கார்ந்து பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி, மூடியைத் திருகிவிட்டு, ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று காபியை நின்றபடியே குடித்தார்.

“போயிட்டு வரேன் மாமா” என்றார். இன்ஸ்பெக்டரும் செருப்பை மாட்டிக்கொண்டார். தெருமுனை வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்.

மறுநாள் கம்ப்யூட்டர் உறைந்தது.

சும்மா தட்டச்சு செய்தால் ஒன்றுமில்லை. பாட்டுக் கேட்டால் ஒன்றுமில்லை. சின்னவள் தன் மருத்துவமனைக்குள் நடக்கத் தொடங்கியதும்தான் தகராறு. திரை அப்படியே கல்லாகிவிடும். மவுஸ் அசையாது. ஓடிக்கொண்டிருந்த பாட்டு ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு ஊளையிடும். பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்து, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

“மூடியத் தொறந்து பார்க்கணும்ப்பா. வயர் எதாவது சரியா உட்காராம இருக்கும்” என்று ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தாள் சின்னவள்.

“கைய எடு” என்றார் இன்ஸ்பெக்டர். “மாப்பிள்ளை மாட்டிட்டு அந்தப் பக்கம் போறாரு, இந்தப் பக்கம் நாம பிரிச்சுப் பார்க்கறதா? உங்க அக்கா காதுக்குப் போனா என்ன ஆகும்?”

“யாருப்பா சொல்லப் போறாங்க?”

“உங்க அம்மா இருக்காளே.”

சமையலறையிலிருந்து பதில் பறந்து வந்தது. “ஆமா, நான் இங்க ரேடியோ ஸ்டேஷன்தான் நடத்திட்டிருக்கேன்!”

“சரி, அத்தானுக்கே போன் பண்ணிக் கேட்கறேன்.”

“என்னன்னு கேட்ப? நீங்க குடுத்த பரிசு சரியில்ல, நீங்க பார்த்த வேலை சரியில்லன்னா? ஒரு தடவை பட்டது போதாதா? கொஞ்சம் பொறு, கோளாறு வேற எங்கயாவதுதான் இருக்கும்.”

சின்னவள் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தாள். அக்கா சுவரைப் பார்த்துப் பேசிய அந்த ஒரு வருஷத்தை அவளும் பார்த்தவள்தானே.

அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அந்த மூடியைத் தவிர மிச்சம் எல்லாவற்றையும் சோதித்தார். சுவரிலிருந்த பிளக்கை மாற்றினார். நீட்டிப்பு வயரைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிது வாங்கினார். திரைக்குப் போகும் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டினார். கூடத்து மேசை விசிறியைக் கொண்டுவந்து பெட்டியின் முகத்துக்கு நேரே வைத்தார். சின்னவள் தன் பங்குக்குக் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்துப் புதிதாக ஏற்றினாள். முந்தைய டிரைவரை ஏற்றினாள். வின்டோஸையே புதிதாகப் போட்டாள். சூடு அளவோடுதான் இருந்தது. அப்படியும் மருத்துவமனை வாசலைத் தாண்டியதும் படம் நின்றது.

கம்ப்யூட்டர் கடைக்காரரை வரவழைத்தார்கள். அவர் வந்ததும் வராததுமாகத் திருப்புளியை எடுத்தார்.

“அது வேண்டாம். வெளியில இருந்தே பாருங்க” என்றார் இன்ஸ்பெக்டர்.

“வெளியில இருந்து எப்படி சார் பார்க்கறது? டாக்டரைக் கூப்பிட்டுட்டு, சட்டையக் கழட்ட மாட்டேன்னு சொல்ற மாதிரி இருக்கே.”

“மாட்டினவர் எங்க வீட்டு மாப்பிள்ளை.”

“ரொம்ப சந்தோஷம் சார். உங்க மாப்பிள்ளை வந்த பிறகு என்னைக் கூப்பிடுங்க.” அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை சின்னவள் அலமாரியிலிருந்து பழைய கார்டை எடுத்துவந்து அப்பா முன்னால் வைத்தாள். குரல் உடைந்திருந்தது. “நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் இதைப் போட்டுக்கறேன்ப்பா. மெதுவா ஓடினாலும் முடிச்சிடுவேன். அப்புறம் புதுசையே மாட்டிடறேன்.”

இன்ஸ்பெக்டர் கார்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். வேண்டாம் என்று வாய் திறந்து சொல்லவில்லை. “உங்க அக்காவும் மாப்பிள்ளையும் ஞாயித்துக்கிழமை வராங்களாம்” என்று மட்டும் சொன்னார். அது வேண்டாம் என்பதைவிடக் கனமாக விழுந்தது. அவள் கார்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

வெள்ளிக்கிழமை, உறைவதற்கு முன் கிடைத்த துண்டுகளை ஒட்டி, பாதியில் நின்றுபோகும் ஒரு படத்தையும் சில அசையாத காட்சிகளையும் அனுப்பிவைத்தாள். சனிக்கிழமையே பதில் வந்தது. மரியாதையான பதில். வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்.

ஞாயிறு காலை மூத்த மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். செருப்பைக் கழற்றும்போதே மாப்பிள்ளை கேட்டார். “எப்படி ஓடுது நம்ம கார்டு?”

“பிரமாதம் மாப்பிள்ளை” என்றார் இன்ஸ்பெக்டர்.

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அம்மாவால்தான் தாங்க முடியவில்லை. கையிலிருந்த தண்ணீர்ச் சொம்பை டொக்கென்று வைத்தாள். “பிரமாதமாம்! ஒரு வாரமா அது செத்துச் செத்துப் பொழைக்குது. புள்ளைக்கு வந்த வேலையும் போச்சு. நீங்க மாட்டினதைத் தொடக்கூடாதுன்னு இவர் காவல் காக்கறாரு, மாப்பிள்ளை.”

மாப்பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை. சின்னவளிடம் விசாரித்தார். விசாரிக்க விசாரிக்க முகம் வாடியது. நேராகப் போய்ப் பெட்டியின் மூடியைக் கழற்றினார். ஒரு பார்வைதான்.

“அடப்பாவமே, என் வேலைதான் இது” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். “இங்க பாருங்க மாமா. இந்தக் கார்டுக்கு ரெண்டு இடத்துல மின்சாரம் குடுக்கணும். ரெண்டுக்கும் தனித்தனி வயர் வரணும். ரயில் அவசரத்துல, ஒரே வயர்ல இருந்த ரெண்டு தலையையும் சொருகிட்டேன். சும்மா இருக்கறப்ப ஒண்ணும் தெரியாது. பெரிய வேலை குடுத்தா மூச்சு முட்டிப் போயிடும்.”

பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளையோடு வந்த இன்னொரு வயர் அலமாரியிலேயே கிடந்தது. அதை மாட்டி முடிக்க ஒரு காபி ஆறும் நேரம்கூடப் பிடிக்கவில்லை.

“நீங்க பார்த்திருந்தா உடனே கண்டுபிடிச்சிருப்பீங்களே மாமா. ஏன் தொறக்கல?”

இன்ஸ்பெக்டர் ஜன்னலைப் பார்த்தார். “அன்னைக்கு ஒரு தடவை தொறந்துதானே…”

“தொறந்ததுக்கா எனக்குக் கோபம்?” மாப்பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொண்டார். “அந்த சுவிட்ச் பலகையில நீங்க சொன்ன தப்பு நிஜம். அப்புறம் ஆள் வெச்சு மாத்திட்டேன். அத்தனை பேர் முன்னாடி மடையன்னீங்களே, அதுதான் மாமா.”

தன்னால் ஒருவருக்குப் பட்ட காயம் எந்த இடத்தில் என்று கேட்காமலே, வேறு இடத்தில் மருந்து போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம் என்று இன்ஸ்பெக்டருக்கு விளங்கியது. அந்த மருந்துக்குச் சின்னவளின் வேலை செலவாகியிருந்தது.

சாப்பிட்டு முடித்து மற்றவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது அவர் சின்னவளின் அறைக்குப் போனார். படம் ஓடிக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலைத் தாண்டி, வெயில் விழும் நீண்ட நடைக்கூடத்தில், நாற்காலிகளைக் கடந்து, குழந்தைகள் பிரிவு வரை ஒரு தடங்கலும் இல்லாமல் போனது. சுவருக்கு அவள் கொடுத்திருந்த இளம்பச்சை கண்ணுக்கு இதமாக இருந்தது.

“முழுசா வந்துடுச்சு” என்றாள் அவள், திரும்பாமல்.

“அந்த கம்பெனிக்கு நான் ஒரு போன் பண்ணிப் பேசட்டுமா?”

அவள் நாற்காலியைத் திருப்பி அப்பாவை ஏறிட்டுப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“பண்ணி என்னன்னுப்பா சொல்லுவீங்க?”

அவர் யோசித்தார். முன்பின் தெரியாத ஒருவரிடம் சொல்லக்கூடிய ஒரு வாக்கியத்தைத் தேடினார். மிஷின் கெட்டுவிட்டது என்றால் பொய். மாப்பிள்ளை தவறாக மாட்டிவிட்டார் என்றால் அதுவும் முழு உண்மை இல்லை. மிச்சமிருந்த வாக்கியம், நான்தான் திறக்கவிடவில்லை என்பது, நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை. அவர் கதவு நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

அவள் திரும்பி, படத்தை நிறுத்தினாள்.