இரண்டு பேர் பின்னிய கட்டில்

ஹென்றி சரக்குத் தோணியில் வேலையாக மாலத்தீவுக்குப் போன மறுநாளிலிருந்து அந்தப் புன்னைக்காயல் வீட்டில் பேச்சு நின்றுபோனது. சாத்தான்குளத்து சி.எஸ்.ஐ. குடும்பத்துப் பெண்ணை மகன் காதலித்துக் கட்டியதை கத்தோலிக்கப் பிடிப்புள்ள அவன் தாய் பிலோமினாவால் தாங்க முடியவில்லை. மருமகள் ஜெயபாயிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் முற்றத்துக் கோழியிடம் சொல்வாள்.

"உலை கொதிக்கி. அரிசி போட ஆளில்லையா?"

ஜெயபாய் எழுந்துபோய் அரிசி போடுவாள்.

ஜெயபாய்க்கு ஏழாம் மாதம். ஒரு மத்தியானம் பிலோமினா கட்டிலில் உட்கார்ந்ததும் பழைய பனைநார் மொத்தமாக அறுந்தது. சட்டத்துக்குள் மடங்கி விழுந்தவளின் கால்கள் மட்டும் மேலே தெரிந்தன. ஜெயபாய்க்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. ஓடிப்போய்த் தூக்கிவிட்டாள்.

"அடி பட்டுட்டா மாமி?"

பிலோமினா சேலையை உதறிக்கொண்டு கோழியைத் திட்டினாள்.

ஏரல் சந்தையிலிருந்து புதுநார் வந்தது. ஆனால் மழை பிடித்துக்கொண்டதால் கட்டில் பின்னுகிறவர் வரவில்லை. தனியாகப் பின்னினால் தொய்ந்துவிடும்; ஒருவர் கோக்க, எதிரே ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். ஜெயபாய் நாரை அண்டாத் தண்ணீரில் அமுக்கினாள்.

"ஏளா, நார நனைக்காத! அழுகிப்போவும்."

ஹென்றி போனபின் பிலோமினா அவளிடம் நேராகச் சொன்ன முதல் பேச்சு அது.

"காஞ்ச நாரு ஒடியும் மாமி. எங்க ஊர்ல இப்படித்தான். ஈரத்தோட பின்னுனா, காயும்போது தானா இறுகும்."

பிலோமினா முணுமுணுத்தபடி எதிரே உட்கார்ந்தாள். ஜெயபாய் போட்ட முடிச்சு ஓரிடத்தில் நழுவியது. பிலோமினா அதை வாங்கி வலை முடிச்சாக மாற்றிப் போட்டாள்.

"இப்ப இழு. வயித்தப் பாத்து இழு."

பாதிக் கட்டில் பின்னியதும் ஜெயபாய்க்கு மூச்சு வாங்கியது. பிலோமினா கருப்பட்டிக் காப்பி கொண்டுவந்து கொடுத்தாள்.

"பேறுகாலத்துக்கு ஒங்கம்ம கூப்பிட வருவாளா?"

"கல்யாணத்துக்கே வரல மாமி. எம்பேர எடுத்தாலே எந்திச்சுப் போயிருதாளாம்."

மறுபடி நாரை எடுத்த பிலோமினாவின் கை நின்றது. தன் வீட்டுக்கு மட்டும்தான் இந்த மனக்குறை என்று அவள் நினைத்திருந்தாள். அங்கேயும் ஒருத்தி தன்னைப் போலவே முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், பிலோமினா வீட்டில் சொல்லாமல் சாத்தான்குளத்துக்கு பஸ் ஏறினாள். பொழுது சாயத் திரும்பியவளிடம், பஸ்ஸில் பார்த்தவர்கள் சொல்லி விஷயம் தெரிந்து வாசலிலேயே நின்ற ஜெயபாய் கேட்டாள்: "எங்கம்ம பேசுனாளா மாமி?"

"மொதல்ல கதவே தொறக்கல. பொறவு ரெண்டு பேரும் உக்காந்து அழுதோம். அடுத்த மாசம் வாரா. பேறுகாலம் இங்கனதான், அவ கூட இருப்பா."

ஜெயபாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அழாத ஏளா. எனக்குக் கால் கடுக்குது. கொஞ்சம் வெந்நி போடு."