காயட்டும், நாளைக்குப் பாக்கலாம்

சாவுக்கு ஒரே கலர், அது கறுப்பு, அவ்வளவுதான்னு நினைச்சு இருபத்தாறு வருஷமா நிம்மதியா பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த புரொபசர் வீட்டுக்குப் போனப்புறம்தான் தெரிஞ்சுது, என் கலர் கார்டுல இருக்கிற அத்தனை கலரும் சாவுக்குச் சொந்தக்காரங்களாம்.

வேலை ஒண்ணும் பெரிசில்ல. தரைத்தளத்துல தெருவைப் பாத்த ஒரே ஒரு படுக்கை ரூம். நாலு சுவர், ஒரு சீலிங், ரெண்டு ஜன்னல். பட்டி பாத்து, ப்ரைமர் போட்டு, ரெண்டு கோட் அடிச்சா நாலு நாள்ல முடிஞ்சிடும். நானும் என் மச்சானும் போதும். மச்சானுக்கு எங்க வட்டாரத்துல சொட்டுன்னு பேரு. ஏன்னு அவன் நடந்து போன தரையைப் பாத்தாலே தெரியும்.

ஆனா வேலைக்கு அவசரம் இருந்துது. புரொபசரோட சம்சாரம் ஆறு வாரமா ஆஸ்பத்திரியில. இனிமே எங்க கையில எதுவும் இல்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் சந்தோஷமா வெச்சுக்கோங்கன்னு டாக்டர் சொல்லிட்டார். மூணு வாரம், மிஞ்சிப் போனா நாலு. அது அந்த அம்மாவுக்கும் தெரியும். அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: என் ரூம்ல, என் கட்டில்ல படுக்கணும். அந்த ரூம் மழையில ஒழுகி, சுவரெல்லாம் கறை பிடிச்சுக் கிடந்துது. "ரூம் ரெடியானதும் அவளைக் கூட்டிட்டு வந்துடுவேன்"னு புரொபசர் முதல் நாளே சொன்னார். சொல்றப்ப என் முகத்தைப் பாக்கல, சுவரைப் பாத்தார்.

ரெண்டு நாள்ல பட்டியும் ப்ரைமரும் முடிச்சுட்டு கலர் கார்டை எடுத்து நீட்டினேன்.

"என்ன கலர் சார்? வெள்ளையே அடிச்சுடலாமா? வெளிச்சமா இருக்கும்."

மனுஷன் ரெண்டடி பின்னாடி போனார். "வெள்ளையா? பிணத்து மேல போடுற துணி என்ன கலர்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. அப்புறம்தான் கதை தெரிஞ்சுது. முப்பத்திரெண்டு வருஷம் காலேஜ்ல அவர் நடத்தினதே பழைய காலத்துத் திகில் கதைதான். ஒரு பாழடைஞ்ச மாளிகை, அதுக்குள்ள ஒரு ரூம், அந்த ரூமுக்கு ஒரு கலர், அந்தக் கலர் வந்துதுன்னா ஒருத்தர் காலி. அந்தக் கதைகள்ல எந்தக் கலர் எந்த மாதிரி சாவைக் குறிக்குதுன்னு தலையணை தண்டிக்கு ஒரு புஸ்தகமே எழுதியிருக்கார். ஹால்ல அலமாரியில அடுக்கி வெச்சிருந்தார். அட்டை மட்டும் எந்தக் கலர்லயும் இல்லாம ஒரு மாதிரி சாக்குப்பை நிறத்துல இருந்துது. விவரமான ஆளு.

"சரி சார், இளம்பச்சை?"

"அழுகல். பூஞ்சை பிடிச்ச சவப்பெட்டி."

"மஞ்சள்?"

"நோய்க்காரியோட ரூமுக்கு மஞ்சளா? நல்லா யோசிச்சுத்தான் பேசுறீங்களா?"

எனக்கு மூக்குக்கு மேல கோபம். ஆனா வாடிக்கையாளர். பல்லைக் கடிச்சுக்கிட்டு, "கார்டுல பாத்தா ஒண்ணும் புரியாது சார், சுவர்ல பேட்ச் அடிச்சுக் காட்டுறேன்"னேன். கட்டிலுக்கு எதிர்ச் சுவர்ல உள்ளங்கை அகலத்துல வெள்ளை ஒண்ணு, பச்சை ஒண்ணு அடிச்சேன். அவர் உடனே மூக்கை சுவர்ல ஒட்டிக்கிட்டு நின்னார்.

"இப்ப பாக்கக் கூடாது சார். ஈரத்துல ஒரு கலர், காஞ்சா வேற கலர். காயட்டும், நாளைக்குப் பாக்கலாம்."

இது என் சட்டம். ஈரச் சுவரை எந்த வாடிக்கையாளருக்கும் நான் காட்டினதில்ல, அதனாலதான் என் வேலையில இதுவரைக்கும் ஒரு புகார் கிடையாது. ஒரு நாளைக்கு ரெண்டு பேட்ச், அடுத்த நாள் காலையில தீர்ப்பு. சொட்டு என் காதுகிட்ட வந்து, "ஃபேனைப் போட்டுவிட்டா ரெண்டு மணி நேரத்துல காஞ்சிடுமே மாமா"ன்னான். "உன் வேலையைப் பாருடா, தொழில் கத்துக்குடுக்க வந்துட்டான்"னு ஒரு அதட்டு போட்டேன். புரொபசர் மட்டும் என்னைப் பாத்து, "நீங்க சொல்றதுதான் சரி. எதுலயும் அவசரம் கூடாது"ன்னார். எனக்குப் பெருமையா இருந்துது. இந்தக் காலத்துல தொழில் தெரிஞ்சவனை மதிக்கிற ஆளு எங்க கிடைக்கிறாங்க.

அடுத்த நாள் காலையில போனா, ஒவ்வொரு பேட்சுக்குக் கீழயும் நம்பர் போட்டு, பென்சில்ல அழகான கையெழுத்துல தீர்ப்பு எழுதியிருந்துது. ஒண்ணு: பிணத் துணி. ரெண்டு: அழுகல். சரின்னு மூணும் நாலும் அடிச்சோம். மஞ்சள், நோய். நீலம், மூச்சு நின்னவன் உதடு. அதுக்கப்புறம் சாம்பல்னு ஒரு கலரை நான் எடுத்ததே தப்பு, அதோட பேரே போதுமாயிடுச்சு. சிவப்பு டப்பாவைத் திறந்தப்ப அவர் நாற்காலியில உக்காந்துட்டார். ரோஜா நிறத்துக்கு 'காய்ச்சல் கன்னம்'னு எழுதினார். ஊதாவுக்கு எழுதினதை சொட்டு எழுத்துக்கூட்டிப் படிச்சுட்டு அன்னிக்கு சாப்பிடவே இல்ல.

ஆறாவது நாளோ ஏழாவது நாளோ, சொட்டு பொறுமை போய்க் கத்திட்டான். "மாமா, பேசாம நாலு சுவருக்கும் தண்ணியை அடிச்சுட்டுப் போயிடலாம். அதுக்குத்தான் கலரே கிடையாது."

ஹால்ல இருந்து புரொபசர் குரல் வந்துது. "தண்ணியிலதான் பாதிப் பேர் மூழ்கிச் சாகுறாங்க."

இப்படியே பதினொரு நாள். இருபத்திரெண்டு பேட்ச். சுவரைப் பாத்தா எந்தக் கிறுக்கன் வீடு இதுன்னு கேப்பாங்க. அந்த மனுஷன் தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வருவார், காலையில பென்சிலோட நிப்பார்.

பதினோராவது நாள் அவர் மருந்துக் கடைக்குப் போயிருந்தப்ப வீட்டு போன் அடிச்சுது. ரொம்ப நேரம் அடிச்சுதேன்னு நான்தான் எடுத்தேன். பொம்பளைக் குரல், மூச்சு வாங்கி வாங்கிப் பேசுறாங்க.

"பெயிண்டர் தம்பியா? நான்தான், அந்த ரூமுக்காரி."

"சொல்லுங்கம்மா."

"கோச்சுக்காதீங்க. கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக் குடுக்க முடியுமா? நீங்க ரொம்ப மெதுவா வேலை பாக்குறீங்கன்னு அவர் சொல்றார். எனக்கு அவ்வளவு நாள் இல்ல தம்பி."

எனக்குக் கோபம் எங்க இருந்து வந்துதோ தெரியல. "நானா? நான் மெதுவா? அம்மா, என் கையில ரெண்டு நாள் வேலைதான் பாக்கி. பதினொரு நாளா அவர் என் உயிரை வாங்குறார். வெள்ளை பிணமாம், பச்சை அழுகலாம், இருபத்திரெண்டு கலர் அடிச்சாச்சு, ஒண்ணு கூட ஆகல!" மூச்சு விடாம கொட்டிட்டேன். கொட்டினப்புறம்தான் யார்கிட்ட என்ன பேசிட்டோம்னு நாக்கைக் கடிச்சுக்கிட்டேன்.

அந்தப் பக்கம் அவங்க சிரிச்சாங்க. சிரிப்பு இருமலாயி, இருமல் அடங்குறதுக்கு நேரமாச்சு.

"பாவம். அவருக்குக் கலர் பயம் இல்ல தம்பி. ரூம் முடிஞ்சா நான் வருவேன். எதுக்கு வர்றேன்னு அவருக்குத் தெரியும். முடியாத ரூம்ல யாரும் சாக முடியாதுன்னு நினைச்சுட்டார் போல."

ரிசீவரை இன்னொரு காதுக்கு மாத்திக்கிட்டேன்.

"தம்பி, உங்ககிட்ட வண்டி இருக்கா?"

"வேன் இருக்கும்மா. ஆனா அதுல ஏணி, டப்பா எல்லாம் கிடக்கு. ஆம்புலன்ஸ் சொல்லிடலாமே?"

"வேணாம், அது வெள்ளையா இருக்கும். வாசல்ல பாத்தார்னா மனுஷன் மயக்கம் போட்டுடுவார். நீங்களே வந்துடுங்க. நான் டிஸ்சார்ஜ் பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டு ரெடியா இருக்கேன்."

அடுத்த நாள் காலையில ஆஸ்பத்திரிக்குப் போனோம். முன் சீட்டுல ரெண்டு தலையணை வெச்சு நர்சும் நானும் அந்த அம்மாவை உக்கார வெச்சோம். ஆள் காத்து மாதிரி இருந்தாங்க. சொட்டு பின்னாடி டப்பாக்களுக்கு நடுவுல உக்காந்துக்கிட்டு, வழி பூரா வேகத்தடை வர்றப்பல்லாம் "மெதுவா மாமா, மெதுவா"ன்னு உசுரை வாங்கினான். அந்த அம்மா ஜன்னல் பக்கமே பாத்துக்கிட்டு வந்தாங்க.

வாசல்ல பென்சிலோட நின்ன புரொபசருக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. "ரூம் இன்னும்... கலர் இன்னும் முடிவாகல..."

"ஆகட்டும், ஆகட்டும். முதல்ல என் கையைப் பிடிங்க"ன்னாங்க.

கட்டில்ல படுக்க வெச்சோம். எதிர்ச் சுவரை ரொம்ப நேரம் பாத்தாங்க. கண்ணாடி வாங்கிப் போட்டுக்கிட்டு ஒவ்வொண்ணா படிச்சாங்க. அழுகல், நோய், காய்ச்சல் கன்னம். புரொபசர் பரீட்சையில மாட்டின பையன் மாதிரி நின்னார்.

"முப்பத்திரெண்டு வருஷம் சம்பளம் குடுத்து இதைத்தான் சொல்லிக்குடுக்கச் சொன்னாங்களா?"ன்னு கேட்டுட்டு என்னைக் கூப்பிட்டாங்க. "தம்பி, அந்தப் பென்சிலை வாங்குங்க. ரெண்டாம் நம்பர்ல எழுதினதை அடிச்சுட்டு நான் சொல்றதை எழுதுங்க. நாங்க முதல்ல குடியிருந்த வீட்டுக் கதவு. இவர் சாவியை உள்ள வெச்சுப் பூட்டின கதவு."

எழுதினேன்.

"மூணு. அந்த அசிங்கமான ஸ்வெட்டர். நான் ஒளிச்சு வெச்சாலும் தேடி எடுத்துப் போடுவார். ஆறா அது, சிவப்பு? அது என் மழைக்கோட்டு. அவ்வளவு கூட்டத்துல அதை வெச்சுத்தானே என்னைக் கண்டுபிடிச்சீங்க?"

புரொபசர் அப்பத்தான் அழுதார், சின்னக் குழந்தை கணக்கா, சத்தமா. நானும் சொட்டும் ஜன்னல் கம்பிக்குப் பெயிண்ட் அடிக்கிற மாதிரி திரும்பிக்கிட்டோம்.

ஜன்னல், கதவுன்னு பாக்கி இருந்த சில்லறை வேலைக்கு தினம் போனேன். அவங்களால ஒரு நாளைக்கு ரெண்டு, மூணுதான் சொல்ல முடிஞ்சுது. நான் அடிச்சு அடிச்சு எழுதினேன். நீலம், பாத்ரூம் வாளி. ஊதா, நாத்தனார் குடுத்த பரிசு, பிரிக்கவே இல்ல. ஒண்ணாம் நம்பர் வெள்ளையை மட்டும் தாண்டிட்டாங்க. "அது வேணாம். ஆஸ்பத்திரியில அதையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வீட்டுக்கு வந்த ஒன்பதாவது நாள் காலையில பத்து மணிக்கு அவங்க போயிட்டாங்க. இடி இல்ல, மின்னல் இல்ல, பாழடைஞ்ச மாளிகையும் இல்ல. நல்ல வெயில். சுவர்ல இருபத்திரெண்டு கலரும் பளிச்சுன்னு இருந்துது. அதுல எந்தக் கலர் வந்து அவங்களைக் கொண்டு போச்சுன்னு அவ்வளவு பெரிய புஸ்தகம் எழுதினவருக்கே சொல்லத் தெரியல.

ரெண்டு வாரம் கழிச்சு புரொபசர் போன் பண்ணினார். ரூம்ல வேலை பாக்கி இருக்காம். அந்தச் சுவரை மூடச் சொல்லப் போறார்னு எனக்குப் பொசுக்குன்னு கோபம். மூடுறதா இருந்தா வேற பெயிண்டரைப் பாத்துக்கோங்க சார்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடணும்னு வழி பூரா சொல்லிப் பாத்துக்கிட்டே போனேன்.

"சுவர் இப்படியே இருக்கட்டும். சீலிங்குக்கு மட்டும் ஒரு கோட் போடுங்க"ன்னார்.

அப்பத்தான் பாத்தேன். ஒண்ணாம் நம்பர் வெள்ளைக்குக் கீழ 'பிணத் துணி'யை அடிச்சிருந்தார். அதுக்குப் பக்கத்துல அதே அழகான கையெழுத்துல 'பதினொரு நாள்'னு எழுதியிருந்தார்.

"அவ இங்க இருந்திருக்க வேண்டிய நாள்"னார். "நான்தான் அவளை அந்த வெள்ளையில வெச்சிருந்தேன்."

ஏணியைக் கீழ வெச்சேன்.

"சார், ஃபேனைப் போட்டிருந்தா ரெண்டு மணி நேரத்துல காஞ்சிருக்கும். ஒரே நாள்ல எல்லாக் கலரையும் காட்டியிருக்கலாம். நாளைக்குப் பாக்கலாம்னு சொன்னது நான்."

அவர் பாக்கெட்ல இருந்து பென்சிலை எடுத்து என்கிட்ட நீட்டினார். 'பதினொரு நாள்'க்குக் கீழ 'பெயிண்டரும் சேர்ந்து'ன்னு எழுதினேன்.