குளிராத தோட்டாக்கள்

தோட்டாத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஒரு குளிர்ப்பெட்டி இருந்தது. உள்ளே மைனஸ் இருபது டிகிரி. தோட்டாக்களை அதில் சில மணி நேரம் வைத்திருந்து, எடுத்த கையோடு பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் ரைஃபிளில் போட்டுச் சுடுவார்கள். குண்டு போகும் வேகத்தை ஒரு கருவி காட்டும். குளிரில் தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்து மந்தமாக எரியும், குண்டின் வேகம் குறையும், சூட்டில் கூடும். வேகம் மாறினால் தூரத்தில் குண்டு படும் இடமும் மாறிவிடும். எவ்வளவு மாறுகிறது என்று அளந்து சொல்வதுதான் சோதனைக்கூடப் பொறுப்பாளரான அவள் வேலை.

செய்ய விட்டால்தானே.

அவள் கணவன் அதே தொழிற்சாலையில் மருந்துப் பிரிவில் வேதியியலாளன். குளிருக்கும் வெயிலுக்கும் அசையாத மருந்து ஒன்றைக் கலந்தெடுக்க வருஷக்கணக்காக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வீட்டிலும் அதே பேச்சு. சாப்பிட உட்கார்ந்தால் தட்டோரம் உப்பைக் குவித்து, "மருந்து மணியோட மேல்பூச்சு இப்படி இருந்துச்சுன்னு வை..." என்று ஆரம்பித்துவிடுவான்.

செவ்வாய்க்கிழமை அவனுடைய புது மருந்தைச் சுட்டுப் பார்த்தார்கள். சாதாரண வெப்பத்தில் நொடிக்கு எண்ணூற்றைம்பது மீட்டர். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவை எண்ணூற்று நாற்பத்தைந்து. பழைய மருந்தில் நாற்பது குறையும் இடத்தில் இதில் வெறும் ஐந்து.

கண்ணாடிக்குப் பின்னால் நின்றிருந்த கணவன் துள்ளினான். "அஞ்சு! அஞ்சே அஞ்சு!"

"ஒரு நிமிஷம் இருங்க. நம்பற மாதிரி இல்ல. நாளைக்கு இன்னொரு தடவை சுட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்."

யார் கேட்டது? அதற்குள் மேலாளர் அறைக்கு ஓடிவிட்டான். மேலாளருக்குத் தொழிற்சாலையில் 'அவசரம்' என்று பெயர். அவர் அன்று சாயங்காலத்துக்குள் வாங்குபவர்களை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்தால் மாமியார் போனில் காத்திருந்தார்.

"எவனும் செய்யாததச் செஞ்சுட்டானாமே என் பிள்ள!"

"இன்னும் முடிவாகல அத்தை. நாளைக்குத்தான்..."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை புதிதாக ஒரு அட்டைப்பெட்டித் தோட்டாக்களைக் குளிரில் வைத்துவிட்டுப் போனாள். மனசு கேட்கவில்லை. பாதியில் திரும்பி வந்து பார்த்தாள். குளிர்ப்பெட்டி ஆவென்று திறந்து கிடந்தது. பொட்டலம் கட்டும் பிரிவுக்காரர் ஒருவர் தலையை உள்ளே விட்டுக்கொண்டு நின்றார். தோட்டாக்களின் மேலும் பக்கத்திலும், காற்று வரும் வழியையே அடைத்துக்கொண்டு, பச்சையும் சிவப்புமாகத் தண்ணீர் பாட்டில்கள்.

"என்னண்ணே இது?"

"தண்ணிம்மா."

"தண்ணின்னு தெரியுது. இங்க எதுக்கு?"

"கேன்டீன் ஃப்ரிட்ஜ் ரிப்பேரு. மெக்கானிக் நாளைக்கு நாளைக்குன்னு இழுத்தடிக்கிறான். சாப்பாட்டு மணிக்கு முன்னாடி எடுத்துடுவோம்மா. உங்களுக்கு ஒரு தொந்தரவும் இருக்காது."

அவள் தோட்டாக்களுக்கு நடுவே வெப்பமானியைச் செருகிப் பார்த்தாள். பதினொன்று. மைனஸ்கூட இல்லை, வெறும் பதினொன்று. கதவில் இருந்த எண் மட்டும் மைனஸ் இருபது என்று கூசாமல் பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் உணர்கருவி குளிர்காற்று வரும் துளைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பாட்டில்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். கடைசியில் கைக்கு வந்தது நசுங்கிய ஒரு எவர்சில்வர் பாட்டில். காலையில் அவளே தண்ணீர் பிடித்துக் கொடுத்தது.

அதைத் தூக்கிக்கொண்டு நேராக மருந்துப் பிரிவுக்குப் போனாள்.

"இது உங்களுதா?"

"ஆமா. சில்லுன்னு ஆயிடுச்சா?"

"எத்தன நாளா அந்தப் பெட்டில வைக்கிறீங்க?"

"இந்த வாரம்தான். ஒரு பாட்டில்ல என்ன ஆயிடப்போகுது?"

"ஆளுக்கொரு பாட்டில். எல்லாரும் இதே வசனம்தான். தோட்டாக்களுக்கு நடுவுல பதினொரு டிகிரி இருக்கு."

அவன் முகம் மெல்லச் சுருங்கியது. கணக்கு அவனுக்கும் தெரியும். "அப்ப நேத்து..."

"நேத்து சுட்டது குளிர்ந்த தோட்டாவே இல்ல."

"பெட்டி உன் பொறுப்புதானே? பூட்டித் தொலைக்க வேண்டியதுதானே?"

"பூட்டு கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு. அவசரம் சாருக்கு அது ஒண்ணுலதான் அவசரமே கிடையாது."

மேலாளரிடம் சொன்னபோது அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "அஞ்சுன்னு சொல்லிட்டேனேம்மா! அந்தப் பாட்டிலெல்லாம் இருந்த மாதிரியே வச்சு இன்னொரு தடவை சுட முடியாதா?"

இந்த ஆளிடம் என்ன சொல்வது? சோதனைக்கூடத்துக்குத் திரும்பி வந்து, குளிர்ப்பெட்டியின் கைப்பிடியைக் கம்பியால் கட்டி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். பாட்டிலும் கையுமாக வந்தவர்கள் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனார்கள்.

சாயங்காலம் சுட்டார்கள். எண்ணூற்று இருபத்தொன்பது. இருபத்தொன்று குறைவு. ரைஃபிளை இறக்கி வைத்த சுடுநர், "பழசுல பாதிதாம்மா குறையுது. நல்லாத்தானே இருக்கு?" என்றார். அதைக் கேட்க அவள் கணவன் அங்கே இல்லை. எண்ணைப் பார்த்ததுமே போய்விட்டான்.

வீட்டில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"பாதியாக் குறைச்சிருக்கீங்க. இதுக்குப் போய் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டா என்ன அர்த்தம்?"

"ஊரெல்லாம் அஞ்சுன்னு சொல்லிட்டேன்."

"யாரு சொல்லச் சொன்னா?"

போன் அடித்தது. மாமியார். அவன் அவளை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினான். அவள் போனை அவன் மடியிலேயே வைத்தாள்.

"அம்மா, அஞ்சு இல்லம்மா. இருபத்தொண்ணு... அய்யோ, இல்லம்மா, கூடினா நல்லதில்ல... அம்மா, சொல்றதக் கேளு..."

மகனுடைய எண் ஒரே நாளில் நாலு மடங்காகிவிட்ட சந்தோஷத்தில் மாமியார் போட்ட கூச்சல் அவளுக்கே கேட்டது. அவன் போனை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இருந்த எரிச்சலில் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் இருபத்தொன்றைப் பார்த்துத் தலையசைத்தார்கள். சோதித்துப் பார்க்கக் கொஞ்சம் தோட்டாக்கள் கேட்டார்கள். மேலாளர் தானே மருந்து கலந்தவர்போல் கைகுலுக்கினார். திரும்பும் வழியில் ஸ்கூட்டரை அவள்தான் ஓட்டினாள். இரண்டு நாளாகப் பேசாதவன் பின்னாலிருந்து அவள் தோளைத் தட்டினான்.

"மேல்பூச்சை இன்னும் கொஞ்சம் கனமாப் போட்டா பதினஞ்சுக்குக் கொண்டு வந்துடலாம்."

"வண்டி ஓட்டுறேன்ல? ஒண்ணும் காதுல விழல. கத்திச் சொல்லுங்க."

அவன் கத்திச் சொன்னான். வழி நெடுக.