பாடியவர் பெயர்

சனிக்கிழமை காலை, ஆறிக்கொண்டிருந்த காப்பிக்குப் பக்கத்தில் ஒரு தாளையும் பேனாவையும் வைத்தான் சுரேந்தர்.

"சைன் பண்ணு, பிரியா. திங்கக்கிழமை காலையில என் லாயர் கையில இது இருக்கணும்."

கிளமெண்டி பேட்டையிலிருந்த அவன் வீட்டுக் கூடம் முழுக்கத் தாம்பாளங்கள் பரப்பிக் கிடந்தன. மறுநாள் அவனுடைய ஒரே மகள் இனியாவுக்குக் கல்யாணம். அன்று சாயங்காலம் நலங்கு. வெற்றிலைக் கட்டை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு மோகனப்பிரியா தாளை எடுத்தாள். சுரேந்தரின் தங்கை அவள், வயது நாற்பத்து மூன்று. கணவன் சின்னராசு மாரடைப்பில் போய் ஐந்து வருடமாகிறது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டில்தான் வாசம்.

தாளில் இரண்டே வரி. 'பதினொரு கல்யாணப் பாட்டுகளையும் என் அண்ணனுக்கு முழுச் சம்மதத்தோடு நான் கொடுத்தேன். பாடியவர் பெயரைப் போட வேண்டாம் என்று நானேதான் கேட்டுக்கொண்டேன்.'

இரண்டு தடவை படித்தாள்.

"ரெண்டுமே பொய்யாச்சேண்ணே."

அடுக்களையிலிருந்து அண்ணி சங்கீதாவின் குரல் வந்தது. "பொய்யோ மெய்யோ, நாளைக்கு வீட்டுல கல்யாணம்லா! பொண்ணோட அப்பா மேல போலீஸ் கேஸ்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்? கொஞ்சமாச்சும் யோசிச்சியா?"

யோசிக்காமல் இல்லை. பத்து நாளாக அவள் தூக்கமில்லாமல் யோசித்தது அதைத்தான்.

நடந்ததைச் சொல்கிறேன், கேட்டால் உங்களுக்கே பற்றிக்கொண்டு வரும். சின்னராசு துவாஸ் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவன், கீபோர்டு வாசிப்பான். நம் வீட்டுக் கல்யாணங்களில் நலங்குக்கும் ஊஞ்சலுக்கும்கூடச் சினிமாப் பாட்டையே போடுகிறார்களே என்று இருவருக்கும் ஆற்றாமை. இவள் வரிகளை எழுத, அவன் மெட்டுப் போட்டான். ஒன்றரை வருடம், கிடைத்த ஞாயிற்றுக்கிழமையெல்லாம் ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கூடத்தில் போய் உட்கார்ந்து பதினொரு பாட்டை முடித்தார்கள். முடித்த மூன்றாம் மாதம் அவன் போய்ச் சேர்ந்தான். வெளியிட மனமில்லாமல், "பத்திரமா வச்சிருண்ணே" என்று ஒரு பிரதியைச் சுரேந்தரிடம் கொடுத்தாள்.

வேலியே பயிரை மேய்ந்தது. சுரேந்தருக்கு லிட்டில் இந்தியாவில் கல்யாண அலங்காரக் கடை. மேடை, பூ, ஒலிபெருக்கி என்று எல்லாம் சேர்ந்த பேக்கேஜ். அதோடு இந்தப் பாட்டுகளும் போயின. 'சௌபாக்கியா குழு' என்று இல்லாத ஒரு பேரைக் கொடுத்து இணையத்திலும் தன் சொத்தாகவே பதிந்து வைத்தான். ஐந்து வருடமாக இந்தத் தீவில் எத்தனையோ மணப்பெண்களுக்கு அவள் குரலில்தான் நலங்கு வைத்தார்கள்.

கூடவே இருந்தவளுக்கு இது எப்படித் தெரியாமல் போனது? தாலி இல்லாதவளைக் கல்யாணத்துக்கு யார் அழைக்கிறார்கள்! பத்திரிகையில் பேர் இருக்கும், "நீ வீட்டைப் பாத்துக்கம்மா" என்று நயமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவள் குரல் போன இடத்துக்கெல்லாம் அவள் போகவே இல்லை.

இந்த வருடம் சின்னராசுவின் நினைவு நாளன்று ஊஞ்சல் பாட்டை அவன் படத்தோடு இணையத்தில் போட்டாள். ஒரு மணி நேரத்தில் அதைத் தூக்கிவிட்டார்கள். 'இது சௌபாக்கியாவுக்குச் சொந்தமான பாட்டு. உரிமையில்லாமல் வெளியிட்டிருக்கிறீர்கள். மறுபடி செய்தால் உங்கள் கணக்கு முடக்கப்படும்' என்று எச்சரிக்கை வந்தது. பெற்றவளைப் பார்த்தே பிள்ளை பிடிக்கிறவள் என்று சொன்னால் எப்படியிருக்கும்? அன்று முழுக்க அவள் சாப்பிடவில்லை.

மறுநாள் வட்டாரத்து இலவசச் சட்ட ஆலோசனைக்குப் போனாள். "வியாபாரத்துக்காகத் தெரிஞ்சே காப்பி பண்ணியிருந்தா அபராதமும் உண்டு, ஜெயிலும் உண்டு. யாரா இருந்தாலும் விடாதீங்க" என்றார் அங்கிருந்த பெண் வழக்கறிஞர். போலீஸில் புகார் கொடுத்தாள். வழக்கறிஞரின் கடிதம் சௌபாக்கியாவைத் தேடிப் போய், கடைசியில் அண்ணன் கடை வாசலில் நின்றது; திருடியது யாரென்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது.

"பாட்டை எடுத்தே, சரி. பேரை ஏண்ணே எடுத்தே?" தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள் பிரியா.

"நானா எடுக்கணும்னு எடுத்தேன்? முதல் கஸ்டமரே கேட்டாங்க, யாரு பாடுனதுன்னு. என் தங்கச்சின்னு பெருமையாத்தான் சொன்னேன். அவங்க வீட்டுக்காரர் என்ன பண்றாருன்னு அடுத்த கேள்வி. இறந்துட்டாருன்னேன். அவ்வளவுதான், பாட்டே வேணாம்னுட்டாங்க. தாலி கட்டுற வீட்டுல இந்தக் குரலான்னு மூஞ்சிக்கு நேரா கேட்டாங்க."

"நான் பாடும்போது அவரு உயிரோடதான் இருந்தாரு. எனக்கு எதிர்லதான் உக்காந்து வாசிச்சாரு."

"அதை எல்லாருக்கும் விளக்கிட்டு இருக்க முடியுமா? பேரு தெரியாததாலதான் உன் பாட்டு இத்தனை வீட்டுக்குப் போச்சு. அதை நினைச்சுச் சந்தோஷப்படேன்!"

திருடியவன் நன்றி கேட்கிறான், பாருங்கள்.

உள்ளறையிலிருந்து இனியா வந்தாள். இரண்டு கையிலும் மருதாணி காயாததால், கைகளைத் தூக்கிப் பிடித்தபடியே அத்தையின் காலடியில் உட்கார்ந்தாள். ரெக்கார்டிங் நடந்த ஞாயிறுகளில் மூலையில் உட்கார்ந்து கேட்டவள்தான் அவளும். "உன் நலங்குக்கு இதான்டி பாட்டு" என்று சின்னராசு மாமா அவளிடம் சொல்லியிருந்தார்.

"அத்தை, ப்ளீஸ். அப்பா செஞ்சது ராங்தான். ஆனா ஜெயில்லாம் வேணாம் அத்தை."

அந்த முகத்தைப் பார்த்ததும் பிரியாவின் கோபமெல்லாம் அழுகையாகிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒண்ணு பண்ணுண்ணே. இன்னிக்கி நலங்குல பாட்டுப் போடறதுக்கு முன்னாடி, பாடுனது மோகனப்பிரியா, மெட்டுப் போட்டது சின்னராசுன்னு மைக்குல சொல்லு. எனக்கு அது போதும். ரெண்டாவது வரியை அடிச்சிட்டு மண்டபத்துலயே சைன் பண்ணித் தர்றேன்."

"இவ்வளவுதானே? சொல்லிட்டாப் போச்சு" என்றான் சுரேந்தர். அவ்வளவு சுலபமாக அவன் ஒத்துக்கொண்டதிலேயே அவளுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பாவம், வரவில்லை.

சிராங்கூன் சாலையை ஒட்டிய மண்டபத்தில் சாயங்காலம் நல்ல கூட்டம். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் அவள் காலெடுத்து வைத்தாள். சங்கீதா அவளைக் கையோடு கூட்டிப் போய்ச் சாப்பாட்டுக் கூடத்தின் கதவோரம் உட்கார வைத்தாள். "இங்கேயே இருந்துக்க பிரியா. சம்பந்தியம்மா இதெல்லாம் ரொம்பப் பாப்பாங்க" என்று காதோடு சொல்லிவிட்டு ஓடினாள்.

மேடையில் இனியா மணையில் உட்கார்ந்திருந்தாள். சுரேந்தர் மைக்கைப் பிடித்தான். சமையல்காரருக்கு நன்றி சொன்னான், பூக்காரருக்கு நன்றி சொன்னான், வீடியோ எடுப்பவர் பேரையும் அவருடைய உதவியாளர் பேரையும்கூட விடாமல் சொன்னான். பிரியா தன்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்போது சௌபாக்கியா குழுவினரின் நலங்குப் பாடல்!"

அவள் பக்கம் பார்க்காமலே மைக்கைக் கீழே வைத்தான். ஒலிக்கருவிகளிடம் இருந்த கடை ஊழியன் நிதீஷ் பொத்தானை அழுத்தினான்.

சந்தனம் தொட்ட கை குளிரட்டும், எங்க
தங்கத்தின் நெஞ்சும் குளிரட்டும்...

சின்னராசுவின் கீபோர்டு மண்டபம் முழுக்க நிறைந்தது. அவன் விரல்களையே கேட்பது மாதிரி இருந்தது அவளுக்கு. கண்ணீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்திருந்தாள்.

சாப்பாட்டு ஏற்பாட்டைப் பார்க்க வந்த மாப்பிள்ளையின் அம்மா மங்களம், கதவோரம் அழுதுகொண்டிருந்தவளை யாரென்று தெரியாமலே பார்த்துச் சிரித்தாள். "எனக்கும் கண்ணு கலங்கிடுச்சும்மா. என்ன குரல்லா! பாடுனவ புருஷன், புள்ளைன்னு நிறைஞ்சு வாழ்றவளாத்தான் இருப்பா. இல்லேன்னா இந்தக் களை வருமா?"

"நான்தாங்க பாடுனேன்" என்றாள் பிரியா.

மங்களத்தின் கண்கள் அவள் நெற்றிக்குப் போயின, கழுத்துக்கு இறங்கின. சிரிப்பு அப்படியே அணைந்தது. திரும்பி, நிதீஷ் இருந்த பக்கம் விறுவிறுவென்று நடந்தாள்.

"தம்பி, நிறுத்து அதை! வேற போடு."

நிதீஷ் அடுத்த பாட்டைப் போட்டான். அதே குரல். அதற்கடுத்தது, அதிலும் அதே குரல்.

"எல்லாமே ஒரே ஆள்தான் ஆன்ட்டி. சார் குடுத்தது இவ்வளவுதான். வேணும்னா சினிமாப் பாட்டு போடவா?"

"நலங்குக்குச் சினிமாப் பாட்டா? வீடியோ எடுக்கறாங்கல்ல! சுமங்கலிங்க இத்தனை பேர் இருக்கோம், யாராச்சும் பாடுங்களேன்."

பட்டுப்புடவைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. "நீ பாடு", "ஐயோ எனக்குத் தெரியாதுப்பா", "அக்காதான் நல்லாப் பாடுவாங்க" என்று ஒருத்தி தோளை ஒருத்தி இடித்தார்கள். ஒருத்திக்கும் ஒரு வரி வாயில் வரவில்லை. சந்தனம் கிண்ணத்தில் காய்ந்துகொண்டிருந்தது.

கடைசியில் மங்களம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சுரேந்தரிடம் சொன்னாள். "சரி, அதையே போடச் சொல்லுங்க. குரல்தானே, ஆளா முன்னால வந்து நிக்குது? யாரு பாடுனதுன்னு மட்டும் வெளியில விடாதீங்க."

சுரேந்தருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நிதீஷுக்குக் கண்ணைக் காட்டினான். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

மோகனப்பிரியா எழுந்தாள். அவள் நடந்துவர, வழியிலிருந்த பெண்கள் புடவை உரசாமல் ஒதுங்கி வழிவிட்டார்கள். நேரே நிதீஷிடம் போய் நின்றாள்.

"நிறுத்துப்பா."

நிதீஷ் நிறுத்திவிட்டான். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

"பாடுனது மோகனப்பிரியா. மெட்டுப் போட்டது சின்னராசு. இதை மைக்குல சொல்லிட்டுப் போடுங்க. இல்லேன்னா போடாதீங்க. என் பாட்டைப் போட நான் சம்மதம் குடுக்கல."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை அவள்.

"பிரியா, சபையில வச்சு மானத்தை வாங்காதே" என்று பல்லைக் கடித்தான் சுரேந்தர்.

மணையிலிருந்து இனியா கூப்பிட்டாள். "அப்பா, சொல்லிடுங்கப்பா. ரெண்டு பேருதானே."

சுரேந்தர் மைக்கை எடுத்தான். வாய் வரைக்கும் கொண்டுபோனான். சம்பந்தியம்மாளைப் பார்த்தான். மங்களம் தலையை இட வலமாக ஆட்டினாள், ஒரே ஒரு தடவை. அவன் மைக்கை அணைத்துவிட்டான்.

"பாட்டு வேணாம். ஆகற காரியத்தைப் பாருங்க" என்றாள் மங்களம்.

பெண்கள் வரிசையாக வந்து சந்தனம் பூசினார்கள், குங்குமம் வைத்தார்கள், ஆரத்தி சுற்றினார்கள். குளிர்சாதனத்தின் இரைச்சலைத் தவிர அங்கே வேறு சத்தமில்லை. இனியாவின் கன்னத்தில் சந்தனத்தோடு கண்ணீரும் சேர்ந்து வழிந்தது. "சிரிங்கம்மா, வீடியோ ஓடுது" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு வீடியோக்காரரும் விட்டுவிட்டார்.

எல்லாம் முடிந்ததும் பிரியா கைப்பையை எடுத்துக்கொண்டு அண்ணனிடம் வந்தாள்.

"திங்கக்கிழமை போய் நடந்ததை அப்படியே சொல்லப் போறேண்ணே. நீயும் உண்மையைச் சொல்லிடு. தண்டனை குறைய வழியிருக்குன்னு லாயரம்மா சொன்னாங்க."

அவள் படியிறங்கிப் போனாள்.

திருடிய பாட்டு ஐந்து வருடமாக எந்தக் கல்யாணத்துக்கும் ஒரு தோஷமும் கொண்டுவரவில்லை. பாடியவள் பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று பயந்து, அந்தச் சபை ஒரு பெண்ணின் நலங்கை ஊமையாகவே நடத்தி முடித்தது.